ஆஸ்திரேலியாவுக்கு பிஆர் வாங்கிப் போகலாமா? குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிப்பவர்களுக்கான கேள்வி பதில்

சிட்னியின் மேற்குப் புறநகரில் வசிக்கிறேன். சென்னை, கோவை, திருச்சியிலிருந்து தம்பி தங்கைகள் அடிக்கடி போன் செய்து கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். வேலைத் திறனை வைத்துப் புள்ளி முறையில் பிஆர், அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமை, வாங்கிக் குடியேறுபவர்களுக்கானது இது. மாணவர் விசாவில் வருவது வேறு பாதை, அதற்குள் போகவில்லை. கட்டணங்கள் ஒவ்வொரு ஜூலையிலும் மாறும். இங்குள்ளவை 2025 ஜூலைக்குப் பிந்தைய நிலவரம்.

போவதா வேண்டாமா என்று எதை வைத்து முடிவெடுப்பது?

எல்லோரும் முதலில் கேட்பது "எனக்கு எத்தனை புள்ளி வரும்?" என்பதைத்தான். அதற்கு ஒரு மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும். அதற்கு முன்பு வீட்டில் பேச வேண்டியவை மூன்று. மனைவி அல்லது கணவரின் வேலை என்ன ஆகும்? பெற்றோரை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஆறு மாதம் சம்பளமே வராவிட்டால் சமாளிக்கப் பணம் இருக்கிறதா? வந்த பிறகு நொந்துபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். விசா கிடைக்காததால் அல்ல, இந்த மூன்றில் ஒன்றைப் பேசாமல் விட்டதால்தான் அவர்களுக்குக் கஷ்டம் வந்தது.

65 புள்ளி இருந்தால் போதுமா?

விண்ணப்ப வரிசையில் நிற்பதற்கு 65 போதும். விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி அரசிடமிருந்து அழைப்பு வருவது வேறு விஷயம். மென்பொருள், கணக்கியல் போன்று கூட்டம் அதிகமுள்ள தொழில்களில் 85, 90, 95 என்று போட்டி போகிறது. நர்ஸ், பள்ளி ஆசிரியர், கட்டுமானத் தொழில் தெரிந்தவர்களுக்கு அதைவிடக் குறைந்த புள்ளியிலேயே அழைப்பு வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 31 வயது, பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், 7 வருட அனுபவம், திருமணமானவர் என்று வைத்துக்கொள்வோம். வயதுக்கு 30 (25 முதல் 32 வயது வரைதான் இந்த முழுப் புள்ளி). பட்டத்துக்கு 15. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 8 எடுத்தால் 20, நான்கிலும் 7 என்றால் 10 மட்டும். 7 வருட அனுபவத்தில் 5 வருடம்தான் கணக்கில் ஏறும் (காரணம் அடுத்த கேள்வியில்), அதற்கு 10. துணைவர் ஆங்கிலத்தில் நான்கு பிரிவிலும் 6 எடுத்தால் 5. மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் நாட்டி என்னும் அமைப்பு தமிழில் நடத்தும் சமூக மொழித் தேர்வில் தேறினால் இன்னொரு 5. மொத்தம் 85.

இதே ஆள் இரண்டு வருடம் தள்ளிப்போட்டு 33-ஐத் தொட்டால் வயதில் 5 போய்விடும். 40 ஆனால் வயதுக்கு 15 தான் கிடைக்கும். 45 ஆகிவிட்டால் இந்தப் பாதையே மூடிவிடும். அழைப்பு வரும் நாளில் உங்கள் வயது என்ன என்பதுதான் கணக்கு, பதிவு செய்த நாள் அல்ல.

ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுதி 7-லிருந்து 8-க்கு ஏறுவதுதான் உங்கள் கையில் இருக்கும் பெரிய நெம்புகோல். ஒரே தாவலில் 10 புள்ளி. பிடிஇ என்னும் இன்னொரு ஆங்கிலத் தேர்வும் ஏற்கப்படும், ஆனால் 2025 ஆகஸ்ட் 7 முதல் அதன் மதிப்பெண் எல்லைகள் மாறிவிட்டன. பழைய யூடியூப் வீடியோவில் சொல்லும் 79 மதிப்பெண்ணை நம்பிப் போகாதீர்கள்.

என் அனுபவத்தில் ஏன் இரண்டு வருடத்தைக் கழிக்கிறார்கள்?

மென்பொருள் துறையினரின் படிப்பையும் அனுபவத்தையும் மதிப்பிடுவது ஏசிஎஸ் என்னும் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கம். படிப்பு நேரடியாகப் பொருந்தினால், முதல் 2 வருடத்தை "தொழில் கற்றுக்கொண்ட காலம்" என்று எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் புள்ளிக்குத் தருவார்கள். படிப்பு சரியாகப் பொருந்தாவிட்டால் இன்னும் அதிகமாகக் கழிப்பார்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு ஐடி-க்கு வந்தவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கான ஒரு ஏற்பாட்டை இன்றே தொடங்கலாம். பழைய கம்பெனிகளிலிருந்து நீங்கள் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதிய கடிதம் லெட்டர்ஹெட்டில் வேண்டும். ரிலீவிங் லெட்டர் மட்டும் போதாது. நிறைய எச்ஆர்கள் அப்படி எழுதித் தர மாட்டார்கள். அப்போது உங்கள் பழைய மேலாளரோ உடன் வேலை செய்தவரோ சத்தியப் பிரமாணமாக எழுதித் தரலாம். அவர் இன்னொரு நாட்டுக்குப் பறந்துவிடுவதற்கு முன் வாங்கி வைத்துவிடுங்கள்.

போலி அனுபவக் கடிதத்தை மட்டும் தொடாதீர்கள். பொய் ஆவணம் என்று தெரிந்தால் விசா நிராகரிக்கப்படும், அதற்கு மேல் மூன்று வருடத்துக்கு வேறு பெரும்பாலான விசாக்களும் கிடைக்காது. தடை குடும்பத்தோடு சேர்த்து விழும்.

189, 190, 491 என்னும் விசாக்களில் எது நல்லது?

189 யாருடைய சிபாரிசும் இல்லாமல் நேரடியாகக் கிடைக்கும் பிஆர். எல்லோருக்கும் அதுதான் ஆசை. 190 ஒரு மாநிலம் உங்களைத் தேர்ந்தெடுத்துத் தரும் பிஆர், கூடுதலாக 5 புள்ளி. 491 தற்காலிக விசா, 5 வருடம். இதற்கு 15 புள்ளி கூடுதல். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர்த்த பகுதியில் வசித்து வேலை செய்ய வேண்டும். மூன்று வருடம் முடிந்ததும் 191 என்னும் பிஆருக்குப் போகலாம்.

491 என்றதும் "காட்டுக்குள் அனுப்பிவிடுவார்களோ" என்று பயப்படுகிறார்கள். பெர்த், அடிலெய்ட், கான்பெரா, கோல்ட் கோஸ்ட் எல்லாமே இந்தக் கணக்கில் வரும் ஊர்கள்தான். 85 புள்ளியோடு 189-க்காக இரண்டு வருடம் காத்திருந்து வயதில் 5 புள்ளியை இழப்பதைவிட, 491-இல் அடிலெய்ட் வருவது பல பேருக்கு நல்ல வழி என்பது என் கருத்து. ஆனால் உங்கள் தொழிலுக்கு அந்த ஊரில் வேலை இருக்கிறதா என்று வேலைத் தளங்களில் சில மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நர்ஸ், டீச்சர், எலக்ட்ரீஷியன் இவர்களுக்கு எப்படி?

விசா வாங்குவது ஒன்று, இங்கே தொழில் செய்ய உரிமம் வாங்குவது இன்னொன்று. இந்தியாவில் மட்டும் வேலை செய்த நர்ஸ்கள் பெரும்பாலும் என்கிளெக்ஸ் என்னும் நர்ஸ் தகுதித் தேர்வு எழுதி, பிறகு ஆஸ்திரேலியாவுக்கு வந்து செய்முறைத் தேர்வும் முடிக்க வேண்டும். பிரிட்டன், அயர்லாந்து, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை செய்தவர்களுக்கு 2025 ஏப்ரலிலிருந்து சுருக்கமான வழி திறந்திருக்கிறது. ஆசிரியர்களுக்கு ஆங்கிலம்தான் மலை: பேசுவதிலும் கேட்பதிலும் 8, எழுதுவதிலும் வாசிப்பதிலும் 7. எலக்ட்ரீஷியன்கள் மாநில உரிமம் வாங்கும்வரை தனியாக ஒரு ஒயரைத் தொட முடியாது. இந்த இடைக்காலத்துக்கும் பணம் வேண்டும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

விசாக் கட்டணம் முதன்மை விண்ணப்பதாரருக்கு 4,900 ஆஸ்திரேலிய டாலர் அளவில். துணைவருக்கு அதில் பாதி, குழந்தைக்குக் கால்வாசி. துணைவருக்கு அடிப்படை ஆங்கிலம் இருப்பதை நிரூபிக்காவிட்டால் இன்னொரு 4,900 டாலர் அளவில் கட்ட வேண்டிவரும். இந்த இடத்தில் தேவையில்லாமல் பணத்தை விடுகிறார்கள். துணைவர் ஆங்கில வழியில் குறைந்தது ஒரு வருடம் முழுநேரக் கல்லூரிப் படிப்பு முடித்திருந்தால், கல்லூரியிலிருந்து பயிற்று மொழிக் கடிதம் வாங்கினாலே போதும். திறன் மதிப்பீடு, தேர்வுகள், மருத்துவப் பரிசோதனை, பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் பிசிசி என்னும் காவல்துறைச் சான்று எல்லாம் இதற்கு மேல்.

வந்திறங்கியபின் ஆகும் செலவுதான் பெரிது. வீட்டு வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். பாண்ட் என்னும் பிணைத் தொகையாக நான்கு வார வாடகையும், முன்பணமாக இரண்டு வாரமும் முதலிலேயே போகும். ஒரு குழந்தையோடு வரும் குடும்பம் 25,000 டாலராவது, ஏறக்குறைய 15 லட்சம் ரூபாய், கையில் வைத்துக்கொண்டு வரட்டும் என்பேன். நகையை அடகு வைத்தோ தனிநபர் கடன் வாங்கியோ அந்தத் தொகையைச் சேர்க்க வேண்டியிருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கிடைத்த முதல் வேலையில் விழுந்துவிடுவீர்கள், அதிலிருந்து ஏறிவர வருடக்கணக்கில் ஆகிறது.

ஏஜென்ட் வைத்துக்கொள்ள வேண்டுமா?

கதை நேராக இருந்தால் தேவையில்லை, எல்லாப் படிவமும் இணையத்தில் நீங்களே நிரப்பலாம். பழைய விசா நிராகரிப்பு, நோய், விவாகரத்து, குழந்தையை வளர்க்கும் உரிமை போன்ற சிக்கல் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடியேற்ற முகவருக்கு ஏழு இலக்க எண் இருக்கும், அரசின் முகவர் பதிவுத் தளத்தில் சரிபார்க்கலாம். நம் ஊரில் அலுவலகம் வைத்திருப்பவர்களை ஆஸ்திரேலியாவின் இந்தப் பதிவுச் சட்டம் பிடிக்காது. அதனால் பதிவு எண் உள்ளவரையே தேடுங்கள். "கண்டிப்பாக வாங்கித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

கம்பெனி ஸ்பான்சர் செய்தால் சுலபம் அல்லவா?

நல்ல வழிதான். 2024 டிசம்பர் 7 முதல் பழைய 482 விசாவுக்குப் பதிலாகத் "தேவைத் திறன்" விசா வந்திருக்கிறது. ஒரு வருட அனுபவம் போதும், இரண்டு வருடம் வேலை செய்தபின் முதலாளியே பிஆருக்குப் பரிந்துரைக்கலாம். வேலை போனால் இன்னொரு ஸ்பான்சரைத் தேட ஒரு தடவைக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு.

ஆனால் ஒன்று. ஸ்பான்சர் செய்யும் செலவையும் முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய பயிற்சி நிதிக் கட்டணத்தையும் தொழிலாளியிடம் வசூலிப்பது சட்டவிரோதம். "20 லட்சம் கொடுங்கள், ஸ்பான்சர் ஏற்பாடு செய்கிறேன்" என்று வருபவர் விற்பது வேலை இல்லை. தமிழர்களே தமிழர்களிடம் இதைச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தம். இந்தியாவில் ஆள் எடுப்பவர் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, அங்கே போய் விசாரிக்கலாம்.

ஒரு லட்சம் டாலர் சம்பளம் என்கிறார்கள். நிறைய மிச்சம் பிடிக்கலாமா?

முதலில், அது சூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியோடு சேர்த்த பேக்கேஜா என்று கேளுங்கள். சூப்பர் இப்போது 12 சதவீதம். ஒரு லட்சத்துக்குள் அதையும் அடக்கினால் உண்மைச் சம்பளம் 89,300 தான். அந்தப் பணத்தைப் பொதுவாக 60 வயதுக்கு முன் எடுக்க முடியாது.

சூப்பர் தனி, சம்பளமே முழு ஒரு லட்சம் என்றால், வரியும் மெடிகேர் என்னும் அரசு மருத்துவத் திட்டத்துக்கான தீர்வையும் போக ஏறக்குறைய 77,000 கைக்கு வரும். மாதம் 6,400. வாடகை வாரம் 600 என்று வைத்தால் அதிலேயே 2,600 போய்விடும். சிறு குழந்தை இருந்தால் சைல்ட்கேர் நாளுக்கு 100 டாலருக்கு மேல் ஆவது சகஜம். பிஆர் உள்ளவர்களுக்கு அரசு மானியம் கிடைக்கும், ஆனாலும் கையிலிருந்து ஒரு பகுதி போகும். ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடக்கும், சேமிப்பு பெரிதாக இருக்காது. ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து மகிழ்ந்தவர்கள் எல்லோரும் முதல் மூன்று மாதத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடத்தில் பணம் சேர்த்துத் திரும்புவதுதான் நோக்கம் என்றால், வருமான வரி இல்லாத துபாய் உங்களுக்குப் பொருத்தம்.

வந்தவுடன் என் தகுதிக்கேற்ற வேலை கிடைக்குமா?

சிலருக்கு மூன்றாவது வாரத்தில் கிடைக்கிறது, சிலருக்கு எட்டு மாதம் ஆகிறது. "லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?" என்பார்கள். பத்து வருடம் டீம் நடத்தியவர் இங்கே ஒரு படி இறங்கி, ஆறு மாத ஒப்பந்த வேலையில் நுழைவது வழக்கம். அதைக் கேவலமாக நினைக்காதீர்கள், இரண்டாவது வேலையில் பழைய இடத்தைப் பிடித்துவிடுவார்கள். ரெஸ்யூமேயில் போட்டோ, பிறந்த தேதி, அப்பா பெயர் வேண்டாம். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை ஊரே விடுமுறையில் இருக்கும், அப்போது வந்திறங்கி வேலை தேடுவது வீண்.

பிஆர் இருந்தாலும் வேலையில்லாதவர்களுக்கான அரசு உதவித் தொகைக்கு நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். அதை நம்பி வர முடியாது. மெடிகேர் மருத்துவம் பிஆருக்கு உடனே உண்டு.

மனைவிக்கு அங்கே வேலை கிடைக்குமா?

சட்டப்படி எந்த வேலையும் செய்யலாம். நிஜத்தில், முதன்மை விண்ணப்பதாரரின் தொழிலை மட்டும் வைத்துத் திட்டம் போட்டு வருகிறார்கள். வக்கீலாக இருந்த பெண்ணோ, பல் மருத்துவரோ, பள்ளித் தலைமையாசிரியையோ இங்கே வந்து மறுபடி தேர்வு, மறுபடி படிப்பு என்று நிற்கிறார். ஊரில் மாமியாரோ வேலைக்கு வரும் அக்காவோ பார்த்துக்கொண்ட குழந்தையும் சமையலும் இப்போது முழுக்க அவர் தலையில். நான்கைந்து வருடம் ஓடிவிடுகிறது. நம் சமூகத்தில் இதைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு, நன்றாகப் படித்த எத்தனையோ பெண்களின் தொழில் வாழ்க்கை இப்படித்தான் நின்றுபோகிறது.

அதனால் இரண்டு பேருடைய தொழிலையும் முதல் நாளே மேசையில் வையுங்கள். யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பது உங்கள் விருப்பம். கணவர் விற்பனை மேலாளர், மனைவி நர்ஸ் என்றால் மனைவி பெயரில் போடுவதே புத்திசாலித்தனம். அவருடைய உரிமத் தேர்வுக்கு ஆகும் பணத்தையும் காலத்தையும் விசாச் செலவோடு சேர்த்து எழுதி வையுங்கள். "போய்ப் பார்த்துக்கலாம்" என்பது இந்த விஷயத்தில் பதில் இல்லை.

அப்பா அம்மாவை அழைத்துக்கொள்ளலாமா?

இதைத்தான் கடைசியில் கேட்கிறார்கள், சிலர் வந்து சேர்ந்து ஐந்து வருடம் கழித்துக் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது.

நிரந்தரமாக அழைத்துக்கொள்ளும் பெற்றோர் விசா இருக்கிறது. சாதாரண விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தால் 30 வருடத்துக்கு மேல் ஆகும் என்று குடியேற்றத் துறையே சொல்கிறது. பணம் கட்டும் விசாவுக்கு ஒருவருக்கு 48,000 டாலர் அளவில் கட்ட வேண்டும், அதற்கும் காத்திருப்பு பத்து வருடத்தைத் தாண்டிவிட்டது. 65 வயது அம்மாவுக்கு இந்தக் கணக்கு என்னவென்று யோசித்துப் பாருங்கள். அதோடு, பிள்ளைகளில் குறைந்தது பாதிப்பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. மூன்று பிள்ளைகளில் நீங்கள் ஒருவர் மட்டும் இங்கே, மற்ற இருவர் தமிழ்நாட்டில் என்றால் விண்ணப்பிக்கவே வழியில்லை.

நடைமுறையில் எல்லோரும் செய்வது பார்வையாளர் விசா. ஒரு தடவைக்கு 12 மாதம் வரை தருவது உண்டு. 870 என்று மூன்று அல்லது ஐந்து வருடத் தற்காலிகப் பெற்றோர் விசாவும் இருக்கிறது, மொத்தமாகப் பத்து வருடம் வரை. இரண்டிலும் மெடிகேர் கிடையாது. தனியார் காப்பீடு எடுத்தாலும் ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, இதய நோய்க்குக் கைவிரிக்கலாம் அல்லது ஒரு வருடம் காத்திருக்கச் சொல்லலாம். நன்றாக இருக்கும் பெற்றோர்கூட நான்கு மாதத்தில் "போதும்பா, ஊருக்கு அனுப்பிடு" என்கிறார்கள். பகலெல்லாம் பூட்டிய வீட்டில், கார் இல்லாமல், பேச ஆளில்லாமல் அவர்களால் இருக்க முடியவில்லை.

ஆக, பெற்றோர் ஊரில்தான் இருப்பார்கள் என்று வைத்தே திட்டமிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகப் போவது யார்? பெரும்பாலும் ஊரில் இருக்கும் அண்ணனோ தங்கையோதான். அவரிடம் நேரில் உட்கார்ந்து பேசுங்கள். பணம் நீங்கள் அனுப்பலாம், ஆனால் அலைச்சல் அவருடையது, அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். இங்கிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக விமானம் மாறிச் சென்னைக்கு வருவதற்கு நன்றாக அமைந்தாலே 14, 15 மணி நேரம் ஆகும். டிக்கெட் கிடைக்க அரை நாள் சேர்த்துக்கொண்டால், கடைசி நேரத்துக்குப் போய்ச் சேர முடியாமல் போவது நடக்கிறது. நான் யாரையும் பயமுறுத்தவில்லை, இதைத் தெரிந்தே முடிவெடுத்தவர்கள் பின்னால் குறைவாக உடைந்துபோகிறார்கள். ஒரே பிள்ளையாக இருந்து, பெற்றோருக்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லை என்றால் "இப்போது வேண்டாம்" என்றுதான் சொல்வேன்.

பிள்ளைகள் தமிழ் மறந்துவிடுவார்களா?

வீட்டில் பேசினால் மறக்க மாட்டார்கள். 1983-க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள் கட்டியெழுப்பிய வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் இங்கே வலுவாக இருக்கின்றன. நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் பள்ளி இறுதித் தேர்வில் தமிழை ஒரு பாடமாகவே எடுக்கலாம். சிட்னியில் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் வந்தால் முருகன் கோயிலும் இடியாப்பமும் பக்கத்திலேயே. பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்கும். ஒன்பது, பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையை நடுவில் பெயர்ப்பதற்கு முன் அந்தப் பிள்ளையிடமும் கேளுங்கள்.

ஊரில் உள்ள வீடு, நிலம், வங்கிக் கணக்கு என்ன ஆகும்?

பிஆர் வாங்கினாலும் இந்தியக் குடிமகன்தான், பாஸ்போர்ட் மாறாது. ஆஸ்திரேலியக் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் வசிப்பவர்களும் ஓசிஐ அட்டைதாரர்களும் விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது, பரம்பரையாக வருவதைப் பெறலாம். சேமிப்புக் கணக்கை வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும்.

வேளச்சேரி வீட்டு வாடகையையும் இங்கே வரிக் கணக்கில் காட்ட வேண்டும், இந்தியாவில் கட்டிய வரிக்கு இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தப்படி கழிவு உண்டு. இங்கே குடியேறும் தேதியில் வீட்டின் சந்தை மதிப்பு என்ன என்று ஒரு மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கி வையுங்கள். பின்னால் விற்கும்போது இங்கே மூலதன ஆதாய வரியை அந்த மதிப்பிலிருந்துதான் கணக்கிடுவார்கள்.

பிடிக்காவிட்டால் திரும்பி வர முடியுமா?

முடியும். பிஆர் விசாவில் 5 வருடம் வந்து போகலாம். அதற்குள் மொத்தம் 2 வருடம் இங்கே வசித்திருந்தால் அடுத்த 5 வருடத்துக்குப் பயண உரிமையைப் புதுப்பிக்கலாம். குடியுரிமைக்கு நான்கு வருடம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும், அதில் கடைசி ஒரு வருடமாவது பிஆராக. திரும்புவதைத் தோல்வியாக நினைக்கும் உறவினர்களின் பேச்சைக் காதில் வாங்காதீர்கள். வேலையை விடும்போது பழைய கம்பெனியோடு சுமுகமாகப் பிரியுங்கள், வீட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள்.

நான் மட்டும் முதலில் போய், அப்புறம் குடும்பத்தை அழைக்கலாமா?

நான் அதைத்தான் சொல்வேன். விசாவில் குறித்த தேதிக்குள் எல்லோரும் ஒருமுறை வந்து நுழைந்துவிட்டால், குடும்பம் ஊர் திரும்பி அந்தக் கல்வியாண்டை முடிக்கலாம். நீங்கள் ஒரு அறையில் தங்கி வேலை தேடலாம், செலவு மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். துணைவரின் வேலையும் அதுவரை ஊரில் தொடரும், ஒரு சம்பளம் உறுதி. ஆனால் பிரிந்திருக்கும் காலத்துக்கு ஒரு எல்லையை முன்பே பேசி வையுங்கள். ஆறு மாதம் நியாயமானது. அதற்குள் வேலை அமையாவிட்டால் என்ன செய்வது என்பதையும் விமானம் ஏறுவதற்கு முன்பே இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.